பழைய பெயர், புதிய ஆல்பம்: கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை த்ராஷ் மெட்டல் என்ற அதிவேக, முரட்டு ராக் இசையின் மூத்த குழுக்களின் ஆல்பங்களை வாங்குவது பற்றியே இருந்ததால், பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: நாற்பது ஆண்டுகளாக வாசித்துவரும் த்ராஷ் குழுக்களின் புதிய ஆல்பங்கள் அவர்களுடைய எண்பதுகளின் ஆல்பங்களுக்கு ஈடாகுமா? புதியவற்றுக்குச் செலவழிப்பது வீண் என்கிறார் என் நண்பர்.

பதில்: உங்கள் நண்பர் சொல்வது பாதி உண்மை. அந்தப் பாதியும் மிகப் புகழ்பெற்ற குழுக்களுக்குத்தான் கூடுதலாகப் பொருந்தும். 1986ஆம் ஆண்டில் மட்டும் மெட்டாலிகாவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’, ஸ்லேயரின் ‘ரெயின் இன் பிளட்’, மெகாடெத்தின் ‘பீஸ் செல்ஸ்’, ஜெர்மனியின் கிரியேட்டர் குழு தந்த ‘பிளெஷர் டு கில்’ ஆகிய நான்கும் வெளிவந்தன. ஓர் இசைவகையின் இலக்கணத்தை எழுதிய ஆல்பங்கள் அவை. அந்த இடத்தை இன்றைய எந்த ஆல்பமும் பிடிக்க முடியாது, பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமாகாது.

பணம் கொடுப்பவர் கேட்க வேண்டியது வேறு: ஐந்து ஆண்டுகள் கழித்தும் இதை விரும்பி எடுத்துக் கேட்பேனா? இதற்கு ‘ஆம்’ என்று சொல்லவைத்த ஆல்பங்களை, புகழில் ஒரு படி கீழே வைக்கப்பட்ட குழுக்களே பெரிதும் தந்திருக்கின்றன. 1999இல் ‘எண்டோரமா’வில் கோதிக் ராக் பக்கம் ஒதுங்கிய கிரியேட்டர், 2001இல் ‘வயலன்ட் ரெவல்யூஷன்’ மூலம் திரும்பிவந்த வேகம் இன்றும் குறையாமல் கேட்கிறது. எக்ஸோடஸின் ‘டெம்போ ஆஃப் த டேம்ன்ட்’ (2004), கிட்டார் கலைஞர் அலெக்ஸ் ஸ்கால்னிக் திரும்பிவந்த பிறகு டெஸ்டமென்ட் வெளியிட்ட ‘த ஃபார்மேஷன் ஆஃப் டாம்னேஷன்’ (2008), ஓவர்கில்லின் ‘அயர்ன்பவுண்ட்’ (2010) ஆகியவற்றை அந்தந்தக் குழுவின் பழைய ஆல்பங்களுக்கு அருகிலேயே அடுக்கி வைக்கலாம். ‘அயர்ன்பவுண்ட்’ ஆல்பத்தை அதே குழுவின் ‘ஹாரர்ஸ்கோப்’ (1991) ஆல்பத்துக்கு மேலேயே நான் வைப்பேன்.

பெரிய குழுக்களிடம் இன்று குறைவது வேகமோ திறமையோ அன்று. வெட்டி எறியும் துணிவு. ‘ரெயின் இன் பிளட்’ ஆல்பத்தில் பத்துப் பாடல்கள், மொத்தம் ஏறத்தாழ 29 நிமிடங்கள்தான். மெட்டாலிகாவின் ‘ஹார்ட்வயர்ட்’ (2016), ‘72 சீசன்ஸ்’ (2023) ஆகிய இரண்டும் தலா பன்னிரண்டு பாடல்களோடு 77 நிமிடங்கள் ஓடுகின்றன. ‘ஹார்ட்வயர்ட்’ ஆல்பத்தின் முதல் தட்டை மட்டும் வெளியிட்டிருந்தால் அதைச் சிறந்த ஆல்பம் என்று தயக்கமின்றிச் சொல்லியிருப்பேன். நல்ல ரிஃப் (பாடலைத் தாங்கும் சிறு கிட்டார் வரிசை) ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு, அது சலிக்கும்வரை திருப்பித் திருப்பி வாசித்து ஏழு நிமிடமாக்கும் பழக்கத்தைக் குழுவுக்குள்ளிருந்தே எவராவது தடுத்திருக்க வேண்டும்.

கேள்வி: புதிய ஆல்பத்தின் வினைல் இசைத்தட்டை மூன்று வண்ணங்களிலும் முன்பதிவு செய்தேன். கேட்டால் பிடிக்கவில்லை. மூன்றையும் பிரித்துவிட்டேன். திருப்பிக் கொடுக்க முடியுமா?

பதில்: முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தட்டில் பழுது இருந்தால்தான் விற்பவருக்குப் பொறுப்பு உண்டு. உங்களுக்குப் பிடிக்காமல் போனதற்கு இல்லை. இத்தகைய ஆல்பங்களிலிருந்து இரண்டு மூன்று பாடல்கள் வெளியீட்டுக்கு வாரங்களுக்கு முன்பே ஸ்ட்ரீமிங்கில் கிடைத்துவிடுகின்றன. அவற்றைக்கூடக் கேட்காமல் ஒரே இசையை மூன்று முறை வாங்கியவருக்கு என்னிடம் வேறு ஆறுதல் இல்லை.

கேள்வி: மெட்டாலிகாவின் ‘ஜஸ்டிஸ்’ ஆல்பத்தில் (1988) பேஸ் கிட்டார் காதில் விழுவதே இல்லை. 2018இல் வந்த ரீமாஸ்டர் பதிப்பை வாங்கினால் கேட்குமா?

பதில்: கேட்காது. கலந்து முடித்த ஒலியை வெளியீட்டுக்காக இறுதியாகச் சீராக்கும் மாஸ்டரிங்தான் மாறியது, ஒவ்வொரு கருவியும் எவ்வளவு கேட்க வேண்டும் என்று தீர்மானிக்கும் ஒலிக்கலவை பழையதே.

கேள்வி: மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னடிக்’ ஆல்பத்தை முழுதாகக் கேட்டு முடிப்பதற்குள் காது களைத்துவிடுகிறது. பழைய ஆல்பங்களை மணிக்கணக்கில் கேட்டாலும் அப்படி ஆவதில்லை. என் ஒலிபெருக்கியை மாற்ற வேண்டுமா?

பதில்: தயவுசெய்து மாற்றாதீர்கள். குறை உங்கள் கருவியில் இல்லை, தட்டிலேயே இருக்கிறது. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் மூத்த குழுக்களின் புதிய ஆல்பங்கள் பழையவற்றுக்கு ஈடாகவில்லை என்று பலருக்கும் தோன்றுவதற்குப் பாடல்களைவிட இதுவே பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

டிஜிட்டல் பதிவில் ஒலியின் அளவுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் எதையும் பதிய இயலாது. ஒரு தட்டு மற்றொன்றைவிடச் சத்தமாகக் கேட்க வேண்டுமானால், மெல்லிய பகுதிகளை உயர்த்தி, டிரம்ஸ் அடி போன்ற உச்சங்களை அழுத்தி, எல்லாவற்றையும் அந்த வரம்பை ஒட்டியே நிறுத்த வேண்டும். எல்லை மீறி அழுத்தினால் ஒலியலையின் முகடுகள் சீவப்பட்டுக் கரகரப்பு உண்டாகிறது. முதல் சில நொடிகளுக்கு அது வலிமையாகத் தோன்றும். ஆனால் த்ராஷ் இசையின் உயிரே, கம்பியை உள்ளங்கையால் அடக்கி வாசிக்கும் ரிஃப்புக்கும் அதைப் பிளந்துகொண்டு விழும் ஸ்னேர் டிரம் அடிக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வில்தான் இருக்கிறது. அந்த ஏற்றத்தாழ்வைத் தட்டையாக்கிவிட்டால் மெட்டாலிகாவின் டிரம்ஸ் கலைஞர் லார்ஸ் உல்ரிச் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அடி விழுந்ததாகவே தெரியாது. ஓய்வுக்கு ஓரிடமும் கிடைக்காத காது களைத்துப்போகிறது.

2008 செப்டம்பரில் ‘டெத் மேக்னடிக்’ வெளியானபோது இதற்குச் சான்று தற்செயலாகக் கிடைத்தது. அதே பாடல்கள் ‘கிட்டார் ஹீரோ’ என்ற வீடியோ விளையாட்டிலும் வந்தன. அதில் இருந்த ஒலி நசுக்கப்படாமல் தெளிவாக இருந்தது. இரசிகர்கள் இரண்டையும் ஒப்பிட்டு, ஆல்பத்தை மீண்டும் மாஸ்டரிங் செய்யக் கோரி ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டார்கள். மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சனே, தன்னிடம் வருவதற்கு முன்பே ஒலி நசுக்கப்பட்டிருந்தது என்று விளக்க நேர்ந்தது. இன்று ஸ்ட்ரீமிங் சேவைகள் பல எல்லாப் பாடல்களையும் ஏறத்தாழ ஒரே அளவுச் சத்தத்துக்குக் கொண்டுவந்துவிடுவதால், நசுக்குவதில் எவருக்கும் இலாபம் இல்லை. அப்படியிருந்தும் நிறுத்த மறுப்பது, முழுப் பணம் கொடுப்பவருக்குப் பாதி இசையைத் தருவதாகும்.

இதே நோய் பழைய ஆல்பங்களின் ரீமாஸ்டர் பதிப்புகளையும் பிடித்திருக்கிறது. ஆகவே எண்பதுகளின் ஆல்பத்தைச் சிடியில் தேடுபவர்கள், புதிய பதிப்பின் பளபளப்பான அட்டையை விட்டுவிட்டு, ரீமாஸ்டர் செய்யப்படாத பழைய சிடி நல்ல நிலையில் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒப்பிட்டுக் கேட்கும்போது இரண்டையும் ஒரே அளவுச் சத்தத்தில் வைக்க மறக்காதீர்கள். சத்தம் கூடுதலாக உள்ளதே சிறந்தது என்று காது எளிதில் ஏமாறும்.

கேள்வி: ஒரு குழுவின் புகழ்பெற்ற எண்பதுகளின் பாடல்கள், அசல் பதிவு என்று எழுதியிருந்ததை நம்பி இணையத்தில் சிடி வாங்கினேன். பாடல்கள் அவையேதான், ஆனால் அண்மையில் மீண்டும் பதிந்தவை. விற்றவர், பாடல்களின் பெயர் சரியாகத்தானே இருக்கிறது என்று வாதிட்டு, கால்வாசிப் பணம் மட்டும் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: அந்தக் கால்வாசியை ஏற்காதீர்கள். ஏற்றுக்கொண்டால் வழக்கு அங்கேயே முடிந்ததாக அவர் காட்டிவிடுவார். நீங்கள் கவனக்குறைவாக வாங்கவில்லை. எழுதியிருந்ததைப் படித்து, நம்பி வாங்கினீர்கள். எழுதியவர்தான் பொய் சொன்னார்.

விற்பனைப் பக்கத்தை அது மாற்றப்படுவதற்கு முன் இன்றே படமெடுத்து வையுங்கள். சிடியின் பின்னட்டையில் வட்டத்துக்குள் ‘பி’ எழுத்து இருக்கும் வரியையும் படமெடுங்கள். அதையடுத்துள்ள ஆண்டு ஒலிப்பதிவின் உரிமைக்கு உரியது. அங்கே பிற்கால ஆண்டு மட்டும் இருந்தால், உங்கள் புகாருக்கு அது நல்ல சான்று. பிறகு, விவரித்த பொருளும் அனுப்பிய பொருளும் வேறு என்ற காரணத்தைக் குறிப்பிட்டு, விற்பனைத் தளத்திடமும் பணம் செலுத்திய அட்டை நிறுவனத்திடமும் எழுத்தில் புகார் கொடுங்கள். இரண்டுக்கும் காலக்கெடு உண்டு என்பதால் விற்றவரின் மனமாற்றத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மறுபதிவு செய்வதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. டெஸ்டமென்ட் 2001இல் ‘ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் ஸ்டில் டெட்லி’ என்ற பெயரிலும், எக்ஸோடஸ் 2008இல் ‘லெட் தேர் பி பிளட்’ என்ற பெயரிலும் பழைய பாடல்களை வெளிப்படையாகவே மறுபதிவு செய்தன. அவற்றை அசல் என்று விற்பதுதான் மோசடி. எனக்கும் இப்படி நேர்ந்தது. மெகாடெத்தின் ‘ரஸ்ட் இன் பீஸ்’ ஆல்பத்தின் 1990ஆம் ஆண்டு வெளியீடு என்று உறுதிகூறி எனக்கு விற்கப்பட்டது, 2004இல் ஒலிக்கலவையை மாற்றி, சில இடங்களில் குரலையும் புதிதாகப் பதிந்து வந்த பதிப்பு. மனப்பாடமாகத் தெரிந்த வரி ஒன்று வேறு விதமாக ஒலித்தபோது ஏற்பட்ட ஏமாற்றம் இன்றும் தீரவில்லை. விற்றவர் இறுதிவரை பதில் எழுதவில்லை.

கேள்வி: பழைய உறுப்பினர்களில் ஒருவரோ இருவரோ மட்டும் எஞ்சிய குழுவின் ஆல்பத்தை வாங்கலாமா?

பதில்: தலைகளை எண்ணாதீர்கள், பாடல்களை உருவாக்கியவர் யார் என்று பாருங்கள். ஓவர்கில்லில் தொடக்கம் முதல் இருப்பவர்கள் பாடகர் பாபி எல்ஸ்வொர்த்தும் பேஸ் கலைஞர் டி.டி. வெர்னியும் மட்டுமே. பாடல்கள் அவர்களுடையவை என்பதால் குழுவின் குணம் மாறவில்லை. குழுவை நிறுவிய காவலேரா சகோதரர்கள் இருவரும் இல்லாத செபுல்டுரா 2020இல் வெளியிட்ட ‘குவாட்ரா’ மிகச் சிறந்த ஆல்பம். பெயரைப் பார்த்து அதை ஒதுக்கியவர்களுக்கே இழப்பு.

கேள்வி: ஸ்லேயரின் ‘ரிபென்ட்லெஸ்’ வினைல், டாம் அராயா, கெர்ரி கிங், ஜெஃப் ஹான்மன் மூவரின் கையெழுத்தோடு விற்பனைக்கு வந்ததால் பெரும் தொகை கொடுத்து வாங்கினேன். சான்றிதழும் உண்டு. இது உண்மையானதா என்று எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: சரிபார்க்கத் தேவையே இல்லை. குழுவின் கிட்டார் கலைஞர் ஹான்மன் 2013 மே மாதம் காலமானார். அந்த ஆல்பம் வெளியானது 2015 செப்டம்பரில். அதில் கிட்டார் வாசித்தவர்களின் பெயர்களை அட்டையில் ஒருமுறை படித்திருந்தால் ஹான்மனுக்குப் பதிலாகக் கேரி ஹோல்ட்டின் பெயரைக் கண்டு அப்போதே விழித்திருப்பீர்கள். பெரும் தொகை கொடுக்குமுன் அந்த ஒரு நிமிடத்தையாவது செலவழித்திருக்க வேண்டும். ஆயினும் மறைந்த ஒரு கலைஞரின் கையெழுத்தைப் போலியாக இட்டு, சான்றிதழும் அச்சடித்து விற்றவரை விட்டுவிடக் கூடாது. மற்ற இரு கையெழுத்துகளையும் நம்பாதீர்கள். தட்டு, சான்றிதழ், பணம் செலுத்திய இரசீது மூன்றையும் படமெடுத்து, மேற்சொன்ன இரு தேதிகளையும் குறிப்பிட்டு, முழுத் தொகையையும் திரும்பக் கேளுங்கள். தர மறுத்தால் காவல்துறையில் புகார் கொடுங்கள். தட்டை மட்டும் வேறு எவருக்கும் விற்றுவிடாதீர்கள்.