மீட்டில் சறுக்கிய பிறகு: மலைப் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில்

ஊட்டியில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நெடுந்தூர ஓட்டம் சொல்லித் தருகிறேன். கோவையில் நடந்த மீட் (கல்லூரித் தடகளப் போட்டி) முடிந்த வாரத்தில் வந்த கேள்விகள் இவை.

கோத்தகிரி மாணவி: அக்கா, 5,000 மீட்டரில் கடைசியிலிருந்து மூன்றாவது. மலையில் ஓடினால் கீழே பறக்கலாம் என்றார்களே?

மூச்சுக்கு அது உண்மைதான். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், கோவை 400 சொச்சம். ஆனால் வெயிலை யாரும் உனக்குச் சொல்லவில்லை. முந்தின ராத்திரி பஸ்ஸில் இறங்கி மறுநாள் பகலில் ஓடியிருக்கிறாய். உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்கு ஓடும், கால்களுக்குக் குறையும், அதே வேகத்துக்கு இதயம் இன்னும் வேகமாக அடிக்கும். பன்னிரண்டரைச் சுற்றில் எட்டாவது சுற்றிலிருந்து விழுந்தேன் என்கிறாயே, அது சோம்பேறித்தனம் இல்லை தங்கச்சி. வெயில் பழக பத்து, பதினான்கு நாள் வேண்டும். மேட்டுப்பாளையத்தில் சொந்தக்காரர் வீடு இருந்தால் அடுத்த முறை முன்பே போய்த் தங்கு. முடியாதென்றால் முதல் இரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓடு. அப்புறம், ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் (உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்புச்சத்தைக் காட்டும் அளவு) பார்க்கச் சொல். ஓடும் பெண்களுக்கு இரும்புச்சத்து அடிக்கடி குறையும்.

குன்னூர் மாணவர்: ரிலேயில் பேட்டனை (கைமாற்றும் குச்சியை) கீழே விட்டுட்டேன். இன்ஸ்டாகிராமில் "காலேஜ் மானத்தை வாங்கிட்டான்" என்று எழுதுகிறார்கள். பதில் போடட்டுமா?

இன்று ராத்திரி போடாதே. போனை ரூம்மேட்டிடம் கொடுத்துவிட்டுத் தூங்கு. நான் கல்லூரியில் படித்தபோது பஸ் ஸ்டாண்டில் ஒருவர் என் ஓட்டத்தைக் கிண்டலடித்தார். நின்று சண்டை போட்டேன். தோற்றதைவிட அந்தச் சண்டையைத்தான் ஊர் ரொம்ப நாள் பேசியது. உன்னோடு ஓடிய மூன்று பேரிடம் மட்டும் நேரில் போய், "என் தப்பு" என்று சொல். பேட்டன் மாற்றும் இடத்தில் யார் எப்போது கிளம்பினீர்கள் என்று அவர்களோடு உட்கார்ந்து பேசு. குறை சொல்ல உரிமை உள்ளவர்கள் அவர்களும் கோச்சும்தான்.

ஒரு தந்தை, ஊட்டி அருகே: ஹட்டியில் (எங்கள் ஊரில்) எல்லாரும் மகள் தோற்றதைப் பற்றிக் கேட்கிறார்கள். அவள் வெளியே வர மறுக்கிறாள்.

ஐயா, கேட்பவர்களுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுங்கள், அவளை நிறுத்திச் சொல்ல வைக்காதீர்கள். அவளாகப் பேசும்வரை வீட்டில் ஓட்டத்தைப் பற்றிய பேச்சே வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் இருந்தால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

கொடைக்கானல் மாணவி: இவ்வளவு திட்டு வாங்கி யாராவது திரும்பி வந்திருக்கிறார்களா?

பி.டி. உஷா 1988 சியோல் ஒலிம்பிக்கில் முதல் சுற்றோடு வெளியேறினார். நாடே குறை சொன்னது. 1989இல் டெல்லி ஆசியத் தடகளப் போட்டியில் நான்கு தங்கம், இரண்டு வெள்ளி வாங்கினார்.

அதே மாணவி: எப்போது மறுபடி ஓடலாம்?

இரண்டு நாள் நடை. மூன்றாம் நாள், வாட்ச் கட்டாமல், ஏரியைச் சுற்றி மெதுவாக ஒரு ஓட்டம். கூட ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு போ.