கால்வாய்ப் பயணத்துக்கு இரண்டு நாள் போதுமா?

கேள்வி: இங்கிலாந்தின் கென்னெட் – ஏவன் கால்வாயில் படகை வாடகைக்கு எடுத்து, நாங்களே ஓட்டிக்கொண்டு பாத் நகரிலிருந்து டிவைசஸ் வரை சென்று திரும்ப விரும்புகிறோம். போகும் தூரம் 35 கி.மீ. கூட இல்லை, இரண்டு நாள் போதும் என்கிறார் என் கணவர். வழியிலுள்ள ஊர்களையும் பார்க்க முடியுமா?

பதில்: இரண்டு நாளில் முடியாது. கால்வாயில் பயண நேரத்தை முடிவுசெய்வது தூரத்தைவிட 'லாக்' எனப்படும் நீர்த்தொட்டிகளின் எண்ணிக்கைதான். இரு முனையிலும் கதவுகள் கொண்ட இத்தொட்டிக்குள் படகு நுழைந்ததும், பின்கதவை அடைத்துவிட்டு மேற்புற மதகைத் திறந்தால், நீர் நிரம்ப நிரம்பப் படகும் உயர்ந்து அடுத்த மட்டத்தை அடைகிறது. மதகைத் திருகித் திறப்பதும் கனத்த கதவைத் தள்ளுவதும் பெரும்பாலும் பயணிகளின் பொறுப்பே. ஒரு லாக்கை ஒரு மைலாகக் கொண்டு, மணிக்கு மூன்று மைல் வீதம் நேரத்தைக் கணிப்பது அங்குள்ள படகோட்டிகளின் வழக்கம்.

பாத் நகரின் மேல் லாக்கிலிருந்து பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவன் வரை ஏறத்தாழ 9 மைலுக்கு ஒரு லாக்கும் இல்லை. வழியில், பொறியாளர் ஜான் ரென்னி வடிவமைத்த டண்டாஸ் பாலத்தின் மேல் கால்வாய் ஏவன் ஆற்றையே கடந்து செல்கிறது. அங்கே படகைக் கட்டிவிட்டு இறங்கிப் பார்க்காமல் போவது பெரும் இழப்பு. பிராட்ஃபோர்டில் 14ஆம் நூற்றாண்டுத் தானியக் களஞ்சியம் ஒன்று கரைக்கு அருகிலேயே இருக்கிறது. எனவே முதல் நாளை அவ்வூரோடு முடித்துக்கொள்ளுங்கள்.

சிரமம் டிவைசஸை நெருங்கும்போதுதான். கேன் ஹில் சரிவில் சுமார் 3 கி.மீ. தொலைவுக்குள் 29 லாக்குகள் படகை 72 மீட்டர் உயர்த்துகின்றன. ஏறவே ஐந்தாறு மணி நேரமாகும். இரண்டு படகுகள் ஒரே லாக்கில் அடங்கும் என்பதால், துணைப் படகு கிடைத்தால் உழைப்பும் நீரும் பாதியாகக் குறையும்.

திரும்பி இறங்கும்போது இன்னும் கவனம் தேவை. மேற்கதவின் அடியில் நீண்டிருக்கும் கல்திட்டில் படகின் பின்பகுதி மாட்டிக்கொண்டால், நீர் வடிய வடியப் படகு முன்பக்கமாகச் சரிந்து மூழ்கிவிடும். சுவரில் தீட்டிய வெள்ளைக் கோட்டைப் படகின் பின்பகுதியும் தாண்டி முன்னே நிற்கும்படி படகை நிறுத்த வேண்டும். கயிற்றையும் முடிச்சிட்டுக் கட்டாமல் கையில் பிடித்துச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். கட்டிவிட்டால் படகு கயிற்றில் தொங்கிவிடும்.

ஆகவே ஒரு வாரம் ஒதுக்குங்கள். அவ்வளவு விடுப்பு இல்லையென்றால், நான்கு நாள் வைத்துக்கொண்டு, கேன் ஹில் அடிவாரத்திலேயே படகைக் கட்டிவிட்டு, கரையோரப் பாதையில் டிவைசஸுக்கு நடந்து ஏறுங்கள். மற்றவர்கள் லாக்குகளை இயக்குவதையும் வழிநெடுக அருகிலிருந்தே பார்க்கலாம்.