பந்து போட்டதும் பகுதியும் மாறும்

வணக்கம். பையில் 20 பந்துகள், சில கருப்பு, மற்றவை வெள்ளை. இன்னும் 10 கருப்புப் பந்துகள் போட்டால் கருப்பு கிடைக்கும் நிகழ்தகவு இரு மடங்காகிறது, முதலில் எத்தனை கருப்பு என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மகளுக்கு 10 வருகிறது, புத்தகத்தில் 5. புத்தகம் சொல்வதுதான் சரி.

கருப்புப் பந்துகளின் எண்ணிக்கையை க என்று வைப்போம். முதலில் நிகழ்தகவு க/20. மகள் அடுத்த படியில் (க + 10)/20 என்று எழுதியிருக்கிறார், சிக்கல் அங்கேதான். தொகுதியில் (மேலுள்ள எண்ணில்) 10 கூட்டியவர் பகுதியை (கீழுள்ள எண்ணை) அப்படியே விட்டுவிட்டார். இப்போது பையில் மொத்தம் 30 பந்துகள் அல்லவா? எனவே:

(க + 10)/30 = 2 × க/20

வலப்பக்கம் க/10 எனச் சுருங்கும். இருபுறமும் 30ஆல் பெருக்கினால் க + 10 = 3க. அதாவது 2க = 10, க = 5.

சரிபார்த்துவிடுங்கள்: முதலில் 5/20, அதாவது 1/4. பிறகு 15/30, அதாவது 1/2. இரு மடங்குதான்.

மகளின் விடையையும் இப்படிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அவருக்கே பிடிபடும். 10/20 என்பது 1/2. அதன் இரு மடங்கு 1. அப்படியானால் பையில் வெள்ளையே இருக்கக் கூடாது. ஆனால் 10 வெள்ளை உள்ளே கிடக்கிறதே! இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் போதும், தேர்விலும் செய்யலாம்.

அப்புறம், இதே பையில் கருப்புக்குப் பதில் 10 வெள்ளை போட்டால் கருப்பின் நிகழ்தகவு என்ன என்று கேளுங்கள். 5/30, அதாவது 1/6 வர வேண்டும்.