வாசகர் கேள்வி–பதில்: எரிமலைத் தீவில் சைக்கிள் ஏற்றம்

கேள்வி: ஸ்பெயின் நாட்டு டெனரீஃப் தீவில் டெய்டே எரிமலையைச் சுற்றி ஒரே நாளில் சைக்கிளில் போய்வர நானும் நண்பர்களும் திட்டமிடுகிறோம். எந்தப் பக்கம் ஏறி எந்தப் பக்கம் இறங்குவது நல்லது? *(வாசகர், பாலக்கோடு)*

பதில்: தெற்கே ஏறி மேற்கே இறங்குங்கள். தென்கரையில் இருக்கும் லோஸ் கிறிஸ்தியானோஸில் தொடங்கி அரோனா வழியாக விலாஃப்ளோர் போய்ச் சேர வேண்டும். விலாஃப்ளோர் சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பைன் காட்டுக்குள் டி.எஃப்-21 சாலை ஏறி, சுமார் 2,100 மீட்டரைத் தொட்டுவிட்டு, கொஞ்சம் இறங்கி போகா டவுசே சந்திப்புக்கு வரும். கடல் மட்டத்திலிருந்து இதுவரை 40 கி.மீ. அளவுக்கு ஏற்றம்தான். சராசரிச் சரிவு 5 சதவீதத்தைச் சற்றே தாண்டும். அரோனாவை ஒட்டிய சில இடங்களில் அதைவிடச் செங்குத்து.

சந்திப்பில் இடப்பக்கம் திரும்பி டி.எஃப்-38 சாலையில் சியோ ஊருக்கு இறங்குங்கள். 1798-இல் டெய்டேயின் பக்கவாட்டில் வெடித்து வழிந்த எரிமலைக் குழம்பின் கருங்கற்பரப்பு இந்தச் சாலையோரம்தான். வளைவுகள் அகலமாக இருப்பதால் எதிரில் என்ன வருகிறது என்று தூரத்திலேயே தெரியும். இறங்குவதற்கு அரோனா பக்கத்தைவிட இதை நான் பரிந்துரைக்கக் காரணம் அதுதான்.

சியோவில் சுற்று முடிந்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். அங்கிருந்து கியா டே இசோரா, அடேஹே வழியாகத் திரும்பும் சாலை ஒவ்வொரு ஓடைப் பள்ளத்துக்குள்ளும் இறங்கி ஏறும். கால் சோர்ந்த நேரத்தில் வரும் சின்னச் சின்ன மேடுகள் அவை. பலரும் தளர்ந்து போவது இங்கேதான். மொத்தம் ஏறக்குறைய 90 கி.மீ. கரையோர டி.எஃப்-1 அதிவேகச் சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, குறுக்குவழி என்று அதில் ஏறாதீர்கள். அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடும். ஊருக்கு வெளியே ஹெல்மெட் கட்டாயம்.

கேள்வி: என் கியர் சைக்கிளில் முன் பல்சக்கரங்களில் 50/34 பல், பின்னால் 11–28 பல். இது போதுமா? *(வாசகி, ஓசூர்)*

பதில்: ஏற்காடு மாதிரி இரண்டு மணி நேர ஏற்றத்துக்குச் சமாளிக்கலாம். நான்கு மணி நேரத்துக்குக் கூடாது. ஒரு கணக்குப் பாருங்கள். நீங்களும் சைக்கிளும் தண்ணீரும் சேர்ந்து 85 கிலோ என்றால், 6 சதவீத மேட்டில் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் போக ஏறக்குறைய 120 வாட் சக்தி வேண்டும். பழக்கமுள்ள சாதாரண ஓட்டுநரால் இதை மணிக்கணக்கில் தர முடியும். அந்த வேகத்தில் ஒரு மணிக்கு 480 மீட்டர் உயரம் ஏறுவீர்கள். 2,100 மீட்டருக்கு நாலே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். முன்னால் 34, பின்னால் 32 இருந்தால் இதே வேகத்தில் பெடல் நிமிடத்துக்கு 60 சுற்று வரும். 28 என்றால் 53-க்கு இறங்கும். பழைய 39/25 அமைப்பில் 41-தான். சுற்று குறையக் குறைய ஒவ்வொரு மிதிக்கும் முட்டியில் சுமை கூடும். அதனால் பெரிய சக்கரத்தில் 32 அல்லது 34 பல் உள்ள காசெட்டுக்கு (பின் பல்சக்கரத் தொகுதிக்கு) மாறுங்கள்.

மாற்றும்போது மூன்று இடங்களில் கோளாறு வரும். முதலாவது பின் டிரெய்லர், அதாவது செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவி: குட்டைக் கூண்டு (இரண்டு உருளைகளைத் தாங்கும் கை) உள்ளவற்றில் பல 28 அல்லது 30 பல்லுக்கு மேல் தாங்காது, நீளக் கூண்டு வேண்டும். இரண்டாவது செயின் நீளம். பழைய செயினையே விட்டுவிட்டு முன்னும் பின்னும் பெரிய பல்லுக்குத் தட்டினால் டிரெய்லர் இழுபட்டு, அதைச் சட்டத்தில் தாங்கும் ஹேங்கரோடு முறியும். புதுச் செயினை டிரெய்லருக்குள் விடாமல், முன் பெரிய பல்சக்கரத்தையும் பின் பெரிய பல்சக்கரத்தையும் மட்டும் சுற்றிப் பிடித்து, முனைகள் சேரும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி கூடுதலாக வைத்து வெட்டச் சொல்லுங்கள். மூன்றாவது பலர் கவனிக்காதது: 11 ஸ்பீடு 11–34 காசெட்டுகளில் சில, 11 ஸ்பீடு ரோடு சைக்கிளின் ஹப்பில் (சக்கர மையத்தில்) ஏற 1.85 மி.மீ. ஸ்பேசர் (இடைவெளி வளையம்) கேட்கும். அது இல்லாமல் பூட்டினால், காசெட்டைப் பூட்டும் லாக்ரிங்கை எவ்வளவு இறுக்கினாலும் காசெட் ஆடிக்கொண்டே இருக்கும், கியரும் நிலையாக விழாது. கடைசியாக டிரெய்லரில் உள்ள பி-ஸ்க்ரூ என்ற திருகைத் திருப்பி, டிரெய்லரின் மேல் உருளைக்கும் பெரிய பல்லுக்கும் நடுவே 6 மி.மீ. அளவுக்கு இடைவெளி விடுங்கள்.

கேள்வி: அவ்வளவு நீள ஏற்றம் நம் பக்கம் எங்கே இருக்கிறது? தொப்பூரில் ஏறிப் பழகலாமா? *(மாணவர், தர்மபுரி)*

பதில்: தொப்பூர் கணவாய் வேண்டவே வேண்டாம். அது தேசிய நெடுஞ்சாலை. சரக்கு லாரிகள் இறக்கத்தில் கட்டுப்பாடு இழக்கும் இடம். வத்தல்மலைச் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் நெருக்கமாக இருப்பதால் உட்கார்ந்து ஏறவும் வளைவில் சரியான தடம் பிடிக்கவும் பழகலாம். நீளம் பழக ஏற்காடுதான். சேலம் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். ஒரே காலையில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறினால் டெய்டே ஏற்றத்தின் அளவு கிடைத்துவிடும். அஞ்செட்டி காட்டுச் சாலை அழகுதான், ஆனால் யானை நடமாட்டம் உள்ள பகுதி. விடியலிலும் அந்தியிலும் தனியே போகாதீர்கள்.

எட்டிலிருந்து பத்து வாரம் வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு நீண்ட பயணம்; இன்னொரு நாள், துண்டு துண்டாக மட்டுமே பேச முடிகிற மூச்சில் 20 நிமிட ஏற்றம் இரண்டு முறை. முட்டியின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்ந்திருக்கும், பின்பக்கம் வலித்தால் உயர்ந்திருக்கும். ஒரு நேரத்தில் 3 மி.மீ.க்கு மேல் மாற்றாதீர்கள்.

கேள்வி: ஏறுவதைவிட இறங்கத்தான் பயம். பிரேக் தாங்குமா? *(வாசகர், காவேரிப்பட்டணம்)*

பதில்: சரியான பயம். தொப்பூரில் லாரிக்குப் பிரேக் பிடிக்காமல் போவதற்கும் மலையிறக்கத்தில் சைக்கிள் டயர் வெடிப்பதற்கும் மூலம் ஒன்றே: விடாமல் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்குவதால் ஏறும் சூடு. ரிம் பிரேக்கில் அந்தச் சூடு டியூபுக்குப் போய்க் காற்றழுத்தத்தை ஏற்றும். கார்பன் ரிம்மில் சூடு வெளியேறாமல் ரிம்மே இளகிவிடலாம். இந்தச் சுற்றுக்கு அலுமினிய ரிம் போட்டுக்கொள்ளுங்கள். வளைவுக்கு முன்னால் நேர்ச்சாலையிலேயே இரண்டு பிரேக்கையும் அழுத்தமாக, குறுகிய நேரம் பிடித்து, விட்டுவிடுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்தால் காற்றே ஓரளவு வேகத்தை வாங்கிவிடும்.

டிஸ்க் பிரேக்கில் பேட் பூச்சு 0.5 மி.மீ.க்கு வந்தால் மாற்ற வேண்டும். புது பேட் போட்டதும் நேரே மலைக்குப் போகாதீர்கள். சமதளத்தில் மணிக்கு 20 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு இருபது முறையாவது பிடித்துப் பதியவிடுங்கள். பதியாத பேட் கத்தும், பிடிமானமும் குறையும். எரிமலைக் கல்துகள் கண்ணாடிச் சில்லு போல டயரை அறுக்கும். 28 மி.மீ. டயர், இரண்டு டியூப், கைப்பம்பு, அறுபட்ட இடத்தில் உள்ளே வைக்கப் பழைய டயரின் ஒரு துண்டு ஆகியவை பையில் இருக்கட்டும்.

கேள்வி: சாப்பாடும் துணியும்? *(வாசகி, ஊத்தங்கரை)*

பதில்: விலாஃப்ளோரில் இரண்டு பாட்டிலையும் நிரப்புங்கள், பிறகு சியோ வரை கடையை நம்பக்கூடாது. மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், லிட்டருக்குக் கால் தேக்கரண்டி உப்பு. மணிக்கு 50–60 கிராம் மாவுச்சத்து: ஒரு வாழைப்பழமும் 30 கிராம் வெல்லமும் கணக்குக்குச் சரி. கடலை மிட்டாயை ஏற்றத்தில் தவிருங்கள், கொழுப்பு மெதுவாகச் செரிக்கும். வாழை அந்தத் தீவிலேயே விளைகிறது, சின்னதாக, நல்ல இனிப்போடு கிடைக்கும்.

ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய 6.5 டிகிரி குளிர் கூடும். கடற்கரையில் 24 டிகிரி என்றால் மேலே 10, 11 ஆகலாம். வியர்வையோடு இறங்கினால் விரல் மரத்துப் பிரேக் பிடிக்க வராது. காற்றுத் தடுப்புச் சட்டையும் முழுவிரல் கையுறையும் கட்டாயம். சஹாராப் புழுதிக் காற்று வீசும் நாளில் நிலைமை தலைகீழ்; மேலேயே வெக்கையாகவும் தூசியாகவும் இருக்கும். அன்று போகாதீர்கள்.

கேள்வி: நம் தமிழர் வழிவந்தோர் வாழும் ரீயூனியன் தீவும் எரிமலைத் தீவுதானே? *(வாசகர், பென்னாகரம்)*

பதில்: ஆம். அங்கே பெயர்பெற்றது 400-க்கு மேற்பட்ட வளைவுகள் கொண்ட சிலாவோஸ் சாலை. ஆனால் அது முட்டுச்சாலை, போன வழியே திரும்ப வேண்டும். முழுச் சுற்று வேண்டுமென்றால் மலைநடுச் சமவெளிகள் வழியாகக் கிழக்கே இறங்கி, தென்கிழக்குக் கரைச் சாலையில் திரும்பலாம். அந்தக் கரைச் சாலையை 2007-இல் எரிமலைக் குழம்பு துண்டித்தது. எனவே போகும் வாரத்தில் வழி திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம்.

கேள்வி: விமானத்துக்குப் பெட்டியில் அடைக்கும்போது இடது பெடல் கழலவே மாட்டேன் என்கிறது. *(வாசகர், அரூர்)*

பதில்: இடது பெடலின் மரை எதிர்த்திசை. கடிகார முள் சுற்றும் திசையில் திருப்புங்கள், கழலும். திரும்பப் பூட்டும்போது மரையில் கிரீஸ் தடவுங்கள். பின் டிரெய்லரையும் கழற்றிச் சட்டத்துக்கு உள்பக்கம் கட்டிவிடுங்கள். பெட்டி விழுந்தால் முதலில் வளைவது ஹேங்கர்தான். உங்கள் சட்டத்துக்குப் பொருந்தும் ஹேங்கர் ஒன்றை இங்கேயே வாங்கிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு மாடலுக்கும் அது வேறு, அங்கே தேடினால் கிடைக்காமல் போகலாம்.