கிளவுன் லோச் மீன்கள் கட்டைக்கு அடியில் ஒருக்களித்துக் கிடப்பது நோயின் அறிகுறியா?

மீன்தொட்டியில் வளர்க்க வாங்கி ஒரு வாரமாகியும், கிளவுன் லோச் என்னும் அலங்கார மீன்கள் இரண்டும் வெளியே வராமல் கட்டைக்கு அடியில் ஒருக்களித்துக் கிடக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது நோயன்று. சுமத்ரா, போர்னியோ தீவுகளின் ஆறுகளைச் சேர்ந்த இம்மீன், நம் அயிரைக்குத் தூரத்து உறவாகும். இடுக்குகளில் உடலைச் செருகிக்கொண்டு ஓய்வெடுப்பதும், செத்ததுபோல் பக்கவாட்டில் சாய்ந்து கிடப்பதும் அதன் இயல்பு. (முதன்முறை பார்த்தபோது வலையை எடுத்துக்கொண்டு ஓடியவன்தான் நானும்.)

ஆனால் இரண்டே மீன்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. கூட்டமாக வாழும் இவ்வினம், குறைந்தது ஐந்தாறு துணைகள் இல்லாவிட்டால் அச்சத்தில் பகலெல்லாம் ஒளிந்தே கிடக்கும். விளக்கின் வெளிச்சம் கூடுதலாக இருந்தாலும், மறைவிடங்கள் போதாமல் இருந்தாலும் இது மேலும் கூடும். மறைவிடங்கள் பெருகினால் ஒளிவது குறையும் என்பது விந்தையாகத் தோன்றினாலும், ஓடிப் புகுந்துகொள்ள இடமுண்டு என்று அறிந்த மீனே துணிந்து வெளியே வருகிறது.

கவலைப்பட வேண்டியது, வழக்கமாக வெளியே திரிந்த மீன் திடீரென ஒளிந்து, இரவிலும் உண்ணாமல், செவுள்களை வேகமாக அசைக்கும்போதுதான். அப்போது முதலில் நீரில், மீன்கழிவால் சேரும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் உள்ளனவா என்று சோதியுங்கள். இரண்டும் பூச்சியமாக இருக்க வேண்டும். உடலில் வெண்ணிறப் புள்ளிகளாகத் தோன்றும் ஒட்டுண்ணி நோயான வெண்புள்ளி நோய் இம்மீனை எளிதில் தாக்கும் என்பதால் உடலை உற்றுப் பாருங்கள். அந்நோய்க்குத் தரப்படும் செம்பு கலந்த மருந்துகளை இவற்றால் எளிதில் தாங்க இயலாது. ஆகவே புள்ளிகள் தென்பட்டால், மருந்தைவிட, நீரின் வெப்பநிலையைப் படிப்படியாக 30 பாகை செல்சியசுக்கு உயர்த்திக் காற்றோட்டத்தைக் கூட்டுவதையே முதலில் செய்வேன்.