வெளிநாடு போய் வெறுங்கையோடை வந்தவன்ர பதில்

மோர்மன் மிஷனரியாய், அதுதான் அமெரிக்காவில தொடங்கின மோர்மன் எண்ட கிறிஸ்தவ சபைக்காக வீடு வீடாய்ப் போய் மதம் சொல்லுறவையாய், வெளிநாட்டில இருக்கிறவைக்கு ஒரு நாள் எப்பிடிப் போகும் எண்டு கேட்டிருக்கிறியள். கேட்ட விதத்தைப் பார்த்தால் உங்கட பெடியனோ தம்பியோ “போகப்போறன்” எண்டு வீட்டில குண்டைப் போட்டிட்டான் போல கிடக்கு.

நான் யாழ்ப்பாணம், மிஷனரி வேலையைப் பிலிப்பீன்சில செய்தனான். ஆரையும் மதம் மாத்த இதை எழுதேல்லை, சண்டைக்கு வராதேங்கோ. மானிப்பாயில ஆஸ்பத்திரி வைச்ச அமெரிக்கன் மிஷனோடையும் குழப்பாதேங்கோ. அவை இஞ்ச வந்தது 1816இல. மோர்மன் சபை தொடங்கினதே 1830இலதான்.

விடிய ஆறரைக்கு எழும்போணும், இரவு பத்தரைக்குப் படுக்கோணும். இடையில படிப்பு, செபம், மிச்சமெல்லாம் றோட்டு. தனிய எங்கையும் போகேலாது, கம்பானியன் எண்டு ஒருத்தன் எப்பவும் கூட. கிழமையில ஒரு நாள் உடுப்புத் தோய்க்க, சாமான் வாங்க, வீட்டோடை கதைக்க. 2019க்கு முதல் போனவை வருசத்தில ரெண்டு தரம்தான் வீட்டுக்கு ஃபோன் எடுக்கலாம். நான் தப்பிட்டன்.

அங்க என்ர நிறத்தில ஒருத்தன் போய்க் கதவு தட்டினால் சனம் வட்டிக்காரன் எண்டுதான் நினைக்கும். பஞ்சாப் பக்க ஆக்கள் மோட்டச்சைக்கிள்ள வீடு வீடாய்த் திரிஞ்சு கடன் குடுக்கிறது அங்க கனகாலத்துத் தொழில். ‘பைவ் சிக்ஸ்’ எண்டு சொல்லுவினம். அஞ்சு வாங்கினால் ஆறாய்க் கட்டோணும். என்னைக் கண்டதும் சின்னன் ஒண்டு ஓடிவந்து “அம்மா இல்லை” எண்டும். திரைச்சேலைக்குக் கீழால தாய்க்காரியின்ர கால் தெரியும்! என்ர கம்பானியன் அமெரிக்காவில யூட்டா மாநிலத்துப் பெடியன், வெள்ளை. “நீ பின்னால நில், நான் தட்டிறன்” எண்டான். மாட்டன் எண்டிட்டன். கடைசிவரைக்கும் முன்னுக்கு நிண்டுதான் தட்டினனான். கதவு திறந்த வீடுகளில மழைக்கு நனைஞ்சு போனால் கோப்பி நீட்டுங்கள். எங்கட சபையில கோப்பியும் குடிக்கேலாது, தேத்தண்ணியும் குடிக்கேலாது. பிறகு விளங்கிக்கொண்டு மைலோ கரைச்சுத் தருங்கள். அந்தச் சனத்தைக் குறை சொல்ல வாய் வராது.

சம்பளம் எண்டு சதமும் இல்லை. வீட்டில ஏலுமானதைக் கட்டிச்சினம், மிச்சம் சபை நிதி. இதை எங்கட ஊரில விளங்கப்படுத்திப் பாருங்கோ! வெளிநாடு போனவன் வீட்டுக்கு மேல்மாடி கட்டோணும், இல்லாட்டி அவன் போகவே இல்லை. ரெண்டு வருசம் இருந்திட்டு வெள்ளைச் சேட்டுகளோடை வந்து இறங்கினன். “அங்கையே நிண்டிருக்கலாமே, விசர்ப் பெடியா” எண்டு கேட்டது ஆர் தெரியுமோ? கனடாவில இருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நிண்ட சொந்தக்காரர். அவர்தான் என்ர மோட்டச்சைக்கிளைத் திருவிழா முழுக்க ஓடித் திரிஞ்சிட்டு, சொட்டுப் பெற்றோல் இல்லாமல் கொண்டுவந்து விட்டவர். அப்பிடியானவை எனக்குக் காசைப் பற்றிப் படிப்பிக்கினம்.

சரி, உங்கட பெடியன் போறதெண்டால் நல்ல சப்பாத்து ரெண்டு சோடி வாங்கிக் குடுங்கோ. சேட்டு அங்கையும் வாங்கலாம்.