விமான டிக்கட்டை மலிவாக எடுப்பது: திருகோணமலையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

உவர்மலை அக்கா ஒருவர்: ஓகஸ்டில் லண்டனில் தம்பியின் கல்யாணம். நாங்கள் நாலு பேர். டிக்கட் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

அக்கா, முதலில் நாலு பேருக்கும் சேர்த்துத் தேடாதீர்கள், ஒருவருக்கு மட்டும் தேடிப் பாருங்கள். ஒரே விமானத்தில், ஒரே வகுப்பில், பக்கத்துப் பக்கத்து இருக்கைகளுக்கே பல விலைகள் உண்டு. மலிவு விலையில் இரண்டு இருக்கைதான் மிச்சம் இருக்கும்போது நாலு பேர் என்று போட்டால், பெரும்பாலும் நாலு பேருக்கும் அடுத்த கூடிய விலையைத்தான் காட்டும். உதாரணத்துக்கு, மலிவு விலை 2,00,000 ரூபாய், அடுத்தது 2,30,000 என்று வையுங்கள். சேர்த்து எடுத்தால் 9,20,000. இரண்டு இரண்டாகப் பிரித்து எடுத்தால் 8,60,000. ஆனால் பிள்ளைகளைத் தனியாகப் பிரிக்க வேண்டாம், ஒவ்வொரு பதிவிலும் ஒரு பெரியவர் இருக்கட்டும். விமானம் ரத்தானால் இரண்டு பதிவையும் தனித்தனியாகத்தான் மாற்றுவார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

இன்னொன்று, திசை. லண்டனில் பள்ளி விடுமுறை ஜூலைக் கடைசியில் தொடங்கும். அங்குள்ள நம் ஆட்கள் அப்போது இங்கே வந்து, ஓகஸ்ட் கடைசியில் திரும்புவார்கள். அந்தக் கடைசிக் கிழமையில் நீங்களும் லண்டன் போக நின்றால் அவர்களோடு போட்டிதான். கல்யாணத் திகதி இடம் கொடுத்தால் மாத முற்பகுதியிலேயே போய்விடுங்கள்.

கிண்ணியாத் தம்பி: செவ்வாய்க்கிழமை நடுச்சாமத்தில் எடுத்தால் மலிவாமே? ஒரே டிக்கட்டைத் திரும்பத் திரும்பத் தேடினால் விலை ஏறுமாமே?

இரண்டையும் நம்பி நித்திரையைக் கெடுக்காதீர்கள் தம்பி. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது விலை ஏறினால், மலிவு இருக்கைகள் முடிந்திருக்கும். கூகுள் ஃப்ளைட்ஸில் உங்கள் திகதியைப் போட்டு விலை அறிவிப்பை இயக்கி விடுங்கள், மாற்றம் வந்தால் மின்னஞ்சல் வரும். எந்த நாளில் பறக்கிறீர்கள் என்பதுதான் காசை மிச்சம் பிடிக்கும்.

மூதூரிலிருந்து: அப்பாவை வைத்தியத்துக்குச் சென்னை கூட்டிப்போக வேண்டும். கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கட்டுநாயக்க விமான நிலையமா, யாழ்ப்பாணத்துப் பலாலியா?

டிக்கட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், வீட்டு வாசலிலிருந்து கணக்குப் பாருங்கள். கட்டுநாயக்கவில் விமானங்கள் அதிகம், போட்டியும் அதிகம், அதனால் மலிவு கிடைக்கும். ஆனால் அதிகாலை விமானம் என்றால் முதல்நாளே வான் பிடிக்க வேண்டும், அந்த வாடகை டிக்கட் மிச்சத்தை விழுங்கிவிடும். பலாலிக்கு வவுனியா வழியாகப் பகலிலேயே போகலாம், நோயாளிக்கு அலைச்சல் குறைவு. 2019 ஒக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறந்த இடம் அது. சென்னைக்கு அங்கிருந்து பறப்பது எழுபது, எண்பது பேர் ஏறும் சிறிய ஏ.டி.ஆர். விமானம், மலிவு இருக்கை சீக்கிரம் முடிந்துவிடும். வைத்தியத் திகதி உறுதியானதும் எடுத்துவிடுங்கள். அப்பாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்றால் பதியும்போதே சொல்லுங்கள்.

நிலாவெளியிலிருந்து: கோலாலம்பூருக்கு ஒரு டிக்கட், அங்கிருந்து மெல்பேர்னுக்கு வேறொரு டிக்கட் எடுத்தால் நல்ல மலிவு. எடுக்கலாமா?

இடையில் ஒரு இரவு தங்க முடிந்தால் மட்டும். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை, அந்தக் காசு போனதுதான். பெட்டியையும் பெரும்பாலும் நீங்களே வெளியே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும், அதற்கு மலேசியாவுக்குள் நுழைய அனுமதி வேண்டும். மலிவு நிறுவனங்களில் பெட்டிக்குத் தனிக் காசு. இரண்டு டிக்கட்டுக்கும் அதைக் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் சுருங்கிவிடும்.

தம்பலகாமத்திலிருந்து: இருவழி டிக்கட் ஒருவழியைவிட மலிவாக இருக்கிறது. திரும்புவதற்கு மட்டும் அதைப் பாவிக்கலாமா?

முடியாது. போகும் பயணத்தில் ஏறாவிட்டால் திரும்பும் பயணத்தையும் ரத்துச் செய்துவிடுவார்கள்.

அன்புவழிபுரத்து ஐயா: டவுனில் உள்ள முகவரிடம் எடுப்பதா, இணையத்தில் எடுப்பதா?

ஐயா, பிள்ளைகளைக் கொண்டு இணையத்தில் விலையைப் பார்த்துவிட்டு முகவரிடம் போங்கள். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போவோருக்கும் மாணவருக்கும் கூடிய பொதி நிறையோடு தனி விலை சிலரிடம் கிடைக்கும், கேளுங்கள். திகதி மாற்றினால் எவ்வளவு, ரத்துச் செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். காசு கொடுக்கமுன் கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். அப்பா பெயர் முன்னுக்குப் பின் மாறுவது நம் ஆட்களுக்கு அடிக்கடி நடக்கிறது, திருத்தக் காசு கேட்பார்கள்.